கையெழுத்து என்னுடையதுதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 47. பதினேழு வயதில் இசைக் கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அப்பா மறுத்துவிட்டார். 'அப்பாவால் என் பாட்டு போயிற்று' என்றுதான் முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். சென்ற மாதம் என் பழைய டயரி கிடைத்தது. அன்றைய பக்கத்தில், 'அப்பா கையெழுத்துப் போடவில்லை. அப்பாடா! அத்தனை பேர் முன்னால் என்னால் பாடியிருக்க முடியாது' என்று எழுதியிருக்கிறேன். அப்படியானால் இதுவரை நான் சொன்னதெல்லாம் பொய்யா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பொய் இல்லை. பொய் சொல்பவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும், உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், செய்தியை எங்கே, எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று மாணவர்களை எழுதச் சொன்னார். இரண்டரை வருடம் கழித்து அவரும் நிக்கோல் ஹார்ஷும் அதே கேள்வியைக் கேட்டார்கள். பலருடைய பதில் அடியோடு மாறியிருந்தது. அவர்கள் எழுதிய தாளையே எடுத்துக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. உங்களுக்குத் திரும்பியதா? கடிதத்தில் அதை நீங்கள் சொல்லவில்லை.

அதற்காக டயரியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கிடைக்காது என்று ஆனபிறகு 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்று ஒரு பையன் தன்னைத் தேற்றிக்கொண்டதாகவும் அந்த 'அப்பாடா'வைப் படிக்கலாம்.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் தன் வாழ்க்கையை மூன்று முறை எழுதினார்: 1845, 1855, 1881. முதல் நூலில், அம்மா இறந்த செய்தி யாரோ அந்நியர் இறந்ததுபோலத்தான் பட்டது என்கிறார். பத்து வருடம் கழித்து எழுதியதில், பட்டினி போடப்பட்ட ஓர் இரவில் அதே அம்மா வந்து, சமையல்காரியைத் திட்டி, இஞ்சி கேக் ஒன்றைக் கையில் தந்து, மடியில் வைத்துக்கொள்கிறார். எப்படித் தப்பினார் என்பதையோ மூன்றாவது நூலில்தான் விவரமாகச் சொன்னார். அடிமைமுறை இருந்தபோதே சொல்லியிருந்தால் உதவியவர்கள் மாட்டியிருப்பார்கள். ஒரே வாழ்க்கைதான். ஒவ்வொரு வயதிலும் அவரால் சொல்ல முடிந்தது வேறாக இருந்தது.

என் கதையையும் கேளுங்கள். என் அறிமுகக் குறிப்பில் பதினைந்து வருடமாக 'தானாகவே படித்து வளர்ந்தவர்' என்று இருந்தது. அக்கா ஒருநாள் அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் வாராவாரம் நூலகத்திலிருந்து புத்தகம் சுமந்து வந்தது யார்?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உடனே அந்த வரியை எடுத்துவிட்டேன். ஆனால் அந்த இடத்தில் அக்காவை எழுத மூன்று முறை முயல வேண்டியிருந்தது. முதல் இரண்டிலும் அவளைத் தெய்வமாக்கிவிட்டேன். படித்துவிட்டு அவளே சிரித்தாள்.

உங்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. 'அப்பா என்னைக் காப்பாற்றினார்' என்று ஒரேயடியாகத் திருப்பிவிடாதீர்கள். பட்ட காயத்தையெல்லாம் வரமாக மாற்றிச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அப்பா மறுத்தார். உங்களுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு வருத்தமாக இருந்தது. மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், நடுவில் 'ஆனால்' போடாமல்.

அப்பா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அந்த நாளைப் பற்றி அவரிடம் கேளுங்கள். நினைவில்லை என்று அவர் சொல்லிவிட்டாலும் அதையும் டயரியில் குறித்துவையுங்கள், தேதி போட்டு.