‘தீராத வயிற்று வலி’ யாரைக் காப்பாற்றுகிறது? சந்தேகத் தற்கொலைச் செய்திகள்: கேள்வி பதில்

சந்தேகத் தற்கொலை பற்றிய செய்தியில் குடும்பத்துக்குரியது எது, ஊருக்குரியது எது என்று நிருபர்களும் வாசகர்களும் கேட்டவை. பதில் சொல்பவர் செய்தி ஆசிரியர் பணியும் ஊடகச் சட்டமும் அறிந்தவர். சட்டப் பிரிவுகள் இந்தியாவுக்குரியவை.

மாவட்ட நிருபர், தென்காசி: எஃப்.ஐ.ஆரில் 194 என்று இருந்தால் ‘தற்கொலை’ என்று எழுதிவிடலாமா சார்?

கூடாது. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194, அதாவது பழைய சட்டத்தின் 174, இயற்கைக்கு மாறான மரணம் எதற்கும் போடுகிற பிரிவு. பாம்பு கடித்து இறந்தவருக்கும் அதே எண்தான். ‘இயற்கைக்கு மாறான மரணம் என வழக்குப் பதிந்து விசாரிக்கின்றனர்’ என்பதோடு அந்தத் தாள் சொல்வது முடிந்தது. இன்ஸ்பெக்டர் தற்கொலை என்று சொன்னால் அவர் சொன்னதாக எழுதுங்கள், உங்கள் வாக்கியமாக அல்ல. உடற்கூறாய்வு செய்த டாக்டரே பல நேரம் உள்ளுறுப்பு ஆய்வறிக்கை வரட்டும் என்று கருத்தை நிறுத்திவைப்பார். திருமணமாகி 7 ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கிறதா என்று கேட்டு அதைக் கட்டாயம் எழுதுங்கள். புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 108 (பழைய 306) சேர்த்திருந்தால் அது தற்கொலைக்குத் தூண்டிய வழக்கு. அப்போது செய்தியே வேறு.

காரணத்தையும் அன்றைக்கே எழுதாதீர்கள். ‘தீராத வயிற்று வலியால்’ என்ற வரி பல ஆண்டுகளாகத் தமிழ்ச் செய்திகளில் வருகிறது. வீட்டார் சொன்னதைப் போலீஸ் எழுத, போலீஸ் எழுதியதை நாம் அச்சடிக்கிறோம். வரதட்சணைத் துன்புறுத்தலும் சாதிக் கொடுமையும் அந்த ஒரே வரிக்குள் போய் ஒளிந்துகொள்ள முடியும். வயிற்று வலி உள்ள வாசகருக்கோ, அதற்கு இதுதான் முடிவு என்று சொன்னதாக ஆகிறது.

இறந்தவரின் அண்ணன், ஈரோடு: தம்பி போய் நாலு நாள் ஆகிறது. பெயரும் படமும் போடாதீர்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா ஐயா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் தற்கொலை என்ற ஒரே காரணத்துக்காகப் பெயரைத் தடுக்கும் பொதுவான சட்டம் இங்கே இல்லை. இறந்தவரின் தனியுரிமை அவரோடு முடிகிறது, வாரிசுக்கு வராது என்று ஜெயலலிதா வாழ்க்கைப் படங்கள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் தந்தை தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னதும் ஏறக்குறைய அதுவே. உயிரோடு இருக்கும் உங்கள் தனியுரிமை வேறு. அம்மா அழுவதை ஜன்னல் வழியாகப் படமெடுப்பது உங்கள் உரிமையில் கைவைப்பதுதான்.

உங்களுக்குச் சாதகமாக இருப்பது இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் வெளியிட்ட நெறிமுறை. செய்தியை முக்கிய இடத்தில் போடுவது, திரும்பத் திரும்ப வெளியிடுவது, இறந்த முறையை விவரிப்பது, இடத்தைச் சொல்வது, படம், காணொளி, சமூக ஊடக இணைப்பு சேர்ப்பது எல்லாம் கூடாது என்கிறது அது. நடைமுறையில் செய்ய வேண்டியது இது: வீட்டில் ஒருவர் மட்டும் பேசட்டும். நிருபரோடு வாதாடாமல் செய்தி ஆசிரியருக்கு எழுதுங்கள். ‘செய்தியே போடாதே’ என்பதைவிட ‘படம், முறை, கடிதம் மூன்றையும் எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டால் நடக்க வாய்ப்பு அதிகம். இணையப் பதிப்பில் அவற்றை எடுப்பது சில நிமிட வேலை. மறுத்தால் பத்திரிகை மன்றத்துக்குப் போகலாம், நாளிதழ் என்றால் வெளியான 2 மாதத்துக்குள். மன்றத்தால் கண்டிக்க முடியும், அபராதம் போட முடியாது.

உதவி ஆசிரியர், மதுரை: தலைப்பில் ‘தற்கொலை’ என்ற சொல்லே கூடாதா?

தவிர்ப்பது நல்லது. ‘தேர்வில் தோல்வி: மாணவி விபரீத முடிவு’ என்பது அதைவிட மோசம். அதில் காரணமும் இருக்கிறது, தீர்வு போன்ற தொனியும் இருக்கிறது. ‘கல்லூரி மாணவி மரணம்: போலீஸ் விசாரணை’ போதும். செய்திக்குள் ‘தற்கொலையால் இறந்தார்’ என்று எழுதலாம். ‘தோல்வியில் முடிந்த தற்கொலை முயற்சி’ வேண்டாம், பிழைத்ததைத் தோல்வி என்பதா? எந்தப் பொருள், எவ்வளவு, எந்தப் பாலம், எத்தனையாவது மாடி என்ற நான்கையும் வெட்டுங்கள். 1987இல் வியன்னா சுரங்க ரயில் மரணங்களைப் பற்றி எழுதும் முறையைப் பத்திரிகைகள் மாற்றிய பின் அங்கே அத்தகைய மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஒளிப்பதால் குறையவில்லை, வழிகாட்டுவதை நிறுத்தியதால் குறைந்தது.

உதவி எண்களைக் கடைசி வரிக்குக் கீழே பொடி எழுத்தில் புதைக்காதீர்கள். தமிழ்நாடு அரசின் 104, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா 044-24640050. அச்சுக்குப் போகுமுன் அழைத்துச் சரிபாருங்கள்.

இயக்கத் தோழர், விழுப்புரம்: குடும்பத்தின் அந்தரங்கம் என்று சொல்லி விடுதி மரணங்களையும் ஆணவக் கொலைகளையும் மூடி மறைக்கத்தானே இதெல்லாம்?

உங்கள் சந்தேகம் நியாயமானது. இங்கே குடும்பம் எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை. ஒரு வீடு அவமானத்துக்கு அஞ்சி மறைக்கும். இன்னொரு வீடு ‘இது தற்கொலையே இல்லை’ என்று உடலை வாங்க மறுத்து மருத்துவமனை வாசலில் உட்காரும். மூன்றாவது வீட்டில் மறைக்கச் சொல்பவரே சந்தேகத்துக்குரியவராக இருப்பார். சாதி மாறிக் காதலித்த பெண் இறந்து, உறவினர்கள் அவசரமாக எரித்துவிட்டு ‘எங்கள் துக்கத்தை மதியுங்கள்’ என்றால் நிருபர் தலையாட்டக் கூடாது. அந்த இடத்தில் தனியுரிமை யாருடையது என்று கேட்க வேண்டும்.

அதனால் ‘சொல்லலாமா, வேண்டாமா’ என்று பிரிக்காமல் எதைச் சொல்வது என்று பிரியுங்கள். ஊருக்குரியவை: விசாரிப்பது யார், உடற்கூறாய்வு காணொளியாகப் பதிவானதா, முன்பே புகார் கொடுத்திருந்தாரா, அதன்மேல் என்ன நடவடிக்கை, அதே விடுதியில் எத்தனையாவது மரணம். இவற்றில் எதற்கும் இறந்தவரின் படமோ முறையோ தேவையில்லை. நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் செய்தி, அவை இல்லாமல் இன்னும் கூர்மையாகும்.

பாலியல் வன்கொடுமை சம்பந்தப்பட்டிருந்தால் பெயருக்கே இடமில்லை. இறந்த பிறகும், பெற்றோர் சம்மதித்தாலும், உரிய அதிகாரியின் (இப்போதைக்கு செஷன்ஸ் நீதிபதி) அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது என்று நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. குழந்தை என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 23ஆம் பிரிவு பள்ளி, தெரு, குடும்ப விவரம் வரை தடுக்கிறது. நீதி கேட்கும் சுவரொட்டிகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது.

தென்காசி நிருபர்: இறந்தவர் எழுதிவைத்த கடிதம் கிடைத்தால்?

அது சாட்சியம். படமாகவோ வரிக்கு வரியாகவோ போடாதீர்கள். ‘கடிதம் கைப்பற்றப்பட்டு ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று எழுதலாம். அதில் ஓர் அதிகாரிமேல் குற்றச்சாட்டு இருந்தால் குற்றச்சாட்டின் சாரத்தையும் அவர் பதிலையும் போடுங்கள். விடைபெறும் வரிகள் குடும்பத்துக்குரியவை.

வாசகி, கோவை: முயன்று பிழைத்தவர் பெயரையும் போடுகிறார்களே?

அதுதான் பெரிய கொடுமை. அவர் நாளைக்கு வேலைக்கும் கல்லூரிக்கும் போக வேண்டியவர். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளச் சொல்கிறது. தண்டிக்கச் சொல்லவில்லை, சிகிச்சை தரச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவும் 2024 ஜூலை 1 முதல் இல்லை. பெயர், வார்டு எண், படம் எதுவும் வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை: வேறு நாடுகளில் எப்படி?

நியூசிலாந்தில் சட்டமே உண்டு. 2016 திருத்தத்துக்குப் பின் ‘சந்தேகத் தற்கொலை’ என்று எழுதலாம். முறையை வெளியிடத் தலைமை மரண விசாரணை அதிகாரியின் விலக்கு வேண்டும். மரணம் வெளிப்படை, முறை மறைவு என்ற அந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

தலைமையாசிரியர், நாமக்கல்: மாரடைப்பு என்று மாணவர்களிடம் சொல்லும்படி பெற்றோர் கேட்கிறார்கள்.

பொய் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் முன்பே தெரிந்திருக்கும், அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். ‘காரணத்தைப் பற்றிப் பேசக் குடும்பத்தார் விரும்பவில்லை, அதை மதிப்போம்’ என்று சொல்லலாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வேண்டாம். வகுப்பு வகுப்பாக, தெரிந்த ஆசிரியர் சொல்லட்டும். நெருங்கிய நண்பர்களையும், அண்மையில் வேறு இழப்பைச் சந்தித்தவர்களையும் அன்றே தனியாகப் பாருங்கள். பெரிய ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் வேண்டாம்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: உண்மை வெளியே வந்தால் இன்ஷூரன்ஸ் போய்விடும் என்று மறைக்கச் சொல்கிறார்கள்.

பாலிசி தொடங்கி, அல்லது காலாவதியாகிப் புதுப்பித்து, 12 மாதம் கடந்திருந்தால் ஆயுள் காப்பீட்டில் பொதுவாக முழுத்தொகை உண்டு. அதற்குள் என்றால் பொதுவாகக் கட்டிய பிரீமியத்தில் 80 சதவீதமாவது கிடைக்கும். விபத்துக் காப்பீட்டில் கிடைக்காது. காரணத்தை மாற்றிச் சொல்லிவிட்டு, பிறகு உள்ளுறுப்பு அறிக்கை வேறுவிதமாக வந்தால்தான் கோரிக்கை சிக்கலில் மாட்டும். பாலிசிப் பத்திரத்தில் தற்கொலை பற்றிய பிரிவை முதலில் படித்துப் பாருங்கள்.