இங்கிலாந்தில் பித்தப்பை ஒப்பரேசனுக்கு ஒரு வருடம் காத்திருப்பது ஆபத்தா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை வியாதியும் இருக்கிறது. வயிற்று நோ வந்து ஸ்கான் எடுத்ததில் பித்தப்பையில் கல் என்றார்கள். ஒப்பரேசனுக்குப் பெயர் பதிந்தாயிற்று, ஆனால் அவசரமில்லை, ஒரு வருடம் ஆகலாம் என்கிறார்கள். இங்கிலாந்தில் இப்படிக் காத்திருப்பதில் ஆபத்து இருக்கிறதா, இல்லை நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?

பதில்:

ஆபத்து இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. நான் டொக்டர் இல்லை, சுப்பர்மார்க்கெட்டில் வேலை செய்கிறேன், அதனால் "நீங்கள் எங்கே மெடிசின் படித்தீர்கள்" என்று கேட்டு யாரும் கீழே வர வேண்டாம். என் கணவருக்கு இதே பித்தப்பைக் கல், இதே "அவசரமில்லை", இதே நாடு. அதில் பட்டதைத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால், வீட்டில் ஆஸ்பத்திரிக் கடிதம் வாசிக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான் போல. அம்மாவும் "எனக்கு ஒன்றுமில்லை, நீ வேலைக்குப் போ" என்று சமாளிக்கிற ஆளாக இருப்பார். பிழையாக நினைத்திருந்தால் மன்னியுங்கள், தம்பி. (தங்கச்சி என்றாலும் மன்னியுங்கள்.)

கல் இருக்கிற எல்லாருக்கும் ஒப்பரேசன் தேவைப்படாது. வேறு எதற்கோ ஸ்கான் எடுக்கும்போது கல் தெரிந்து, கடைசி வரை ஒரு நோவும் வராமல் இருக்கிறவர்கள் நிறையப் பேர். நோ வரத் தொடங்கினால்தான் கதை மாறுகிறது, ஏனென்றால் ஒருமுறை வந்தது பெரும்பாலும் திரும்ப வரும். கல் பித்தப்பையின் வாயை அடைத்தால் பை அழன்று வீங்கும். பெரிய குழாய்க்குள் இறங்கினால் மஞ்சள் காமாலை. இன்னும் கீழே போய்க் கணையத்தின் வாசலில் மாட்டினால் கணைய அழற்சி. அதில் பெரும்பாலானவர்கள் சில நாளில் தேறி விடுவார்கள், சிலர் தேறுவதில்லை.

என் கணவருக்கு 2022-இல் தொடங்கியது. ஒரு சாமத்திய வீட்டில் புரியாணியும் ஆட்டிறைச்சியும் நன்றாகச் சாப்பிட்டு விட்டு வந்த இரவு, வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுக்குப் போகிற நோ. ஜீ.பி. (எங்கள் குடும்ப டொக்டர்) முதலில் காஸ்ட்ரிக் என்று ஒமெப்ரசோல் குளிசை தந்தார். பிறகு ஸ்கான், பிறகு கல், பிறகு சேர்ஜனைப் பார்ப்பதற்கே மாதக்கணக்கு. அந்த சேர்ஜன் நல்ல மனிதர், படம் கீறி விளங்கப்படுத்தினார். நாலு சின்னத் துளை, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். பெயரைப் பதிந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

எண்ணெய்ச் சாப்பாட்டை விட்டோம், பாற்சொதியை விட்டோம். "அப்ப இடியப்பத்தை எதோடு சாப்பிடுகிறது?" என்று மனுசன் கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. நோ கூடிய இரவுகளில் ஏ அண்ட் ஈ-க்கும் (அவசர சிகிச்சைப் பிரிவு) போய் வந்தோம். ஊசி போட்டு நோவைத் தணித்து, "நீங்கள் லிஸ்டில் இருக்கிறீர்கள்தானே" என்று அனுப்பி விடுவார்கள்.

2023 தொடக்கத்தில் ஓர் இரவு வந்த நோ வேறு மாதிரி. படுக்கவும் ஏலாது, நிமிரவும் ஏலாது, சத்தி நிற்கவேயில்லை. அம்புலன்சுக்கு நேரமாகும் என்றதால் மகன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். இரத்தத்தில் அமிலேஸ் (கணையத்திலிருந்து வருகிற நொதி) ஏறியிருக்கிறது, கணைய அழற்சி என்றார்கள். வாட்டில் கட்டில் கிடைக்கும் வரை கொரிடோரில் ட்ரொலியில் கிடந்தார்.

அடுத்த நாள் பார்க்க வந்த இளம் டொக்டர் ஒருவர் கொம்பியூட்டரில் எதையோ தேடி விட்டு, "நீங்கள் முந்தி ஏ அண்ட் ஈ-க்கு வந்து போனது சேர்ஜனின் ஆட்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அதே ஆஸ்பத்திரி, அதே கட்டடம். அந்தக் கேள்வியை எங்களிடமா கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தில் இருந்த சேர்ஜனின் செக்ரட்டரி நம்பருக்கு நானே போன் அடித்தேன். இவருடைய பெயருக்கு நேரே, முதல் நாள் போட்ட "அவசரமில்லை" என்ற தரம் அப்படியே இருந்தது. இடையில் வந்த நோ, போட்ட ஊசி, எதுவும் அந்தப் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. "அவசரமில்லை" என்பது அம்மாவைப் பார்த்த அன்றைய உடம்புக்குப் போட்ட தரம். அதன் பிறகு உடம்பு மாறலாம், ஆனால் யாராவது போய்ச் சொல்லும் வரை பட்டியல் மாறாது. ஒரு வருடம் என்பது எனக்குப் பெரிய பயமில்லை. அந்த ஒரு வருடத்தில் ஒருவரும் அம்மாவைத் திரும்பப் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் பயம்.

நான் விடவில்லை. பித்தப்பை அழன்று வந்தவருக்கு, நோயைக் கண்டுபிடித்து ஒரு வாரத்துக்குள் பையை எடுக்க வேண்டும் என்று நைஸ் 2014-இலேயே சொல்லியிருக்கிறது (எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று இங்கே வகுத்துச் சொல்கிற அமைப்பு அது). கல்லால் லேசான கணைய அழற்சி வந்தால் அதே அட்மிஷனில், அல்லது இரண்டு வாரத்துக்குள், என்பது இந்த நாட்டு வைத்தியர்களே எழுதி வைத்த வழிகாட்டல். மகள் தேடி எடுத்துத் தந்தாள், நான் போனில் வாசித்துக் காட்டினேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். திகதி வந்தது. ஜூனியர் டொக்டர்மாரின் வேலைநிறுத்தத்தில் அது தள்ளியும் போனது. அவர்களை நான் திட்ட மாட்டேன், எங்கள் சொந்தத்துப் பிள்ளைகளும் அந்த வாட்டுகளில்தான் இரவு பகலாக நிற்கிறார்கள்.

கடைசியில் எடுத்தபோது, அழன்று அழன்று பை ஈரலோடும் குடலோடும் ஒட்டிப் போயிருந்ததாம். துளை போட்டுத் தொடங்கியதை நிறுத்தி, வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று கேள்விப்பட்ட மனுசன் ஒரு கிழமைக்கு மேல் வாட்டில் கிடந்தார். பாரம் தூக்கக் கூடாது என்றதால் அதன் பிறகும் கனகாலம் வேலை இல்லை. சொந்தமாக வான் வைத்து டெலிவரி ஓடுகிறவருக்கு சிக் பே யார் கொடுப்பது? காத்திருந்ததால் வந்த இந்தச் செலவு எந்த அறிக்கையிலும் வராது.

"இது உங்கள் ஒரு வீட்டுக் கதை" என்று சொல்ல வருகிறவர்களுக்காகப் பொதுக் கணக்கையும் எழுதுகிறேன். ஜீ.பி. அனுப்பியதிலிருந்து 18 வாரத்துக்குள் நூற்றுக்கு 92 பேருக்குச் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் அளவுகோல். 2016 தொடக்கத்துக்குப் பிறகு அதைத் தொட்டதேயில்லை. கொவிட்டுக்கு முன்பே பட்டியலில் 45 இலட்சம் அளவில் இருந்தது. 2023 செப்டம்பரில் 77 இலட்சத்தைத் தாண்டியது. ஒரே ஆள் இரண்டு மூன்று பட்டியலில் இருப்பதால் ஆட்கள் கணக்கில் 65 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே எல்லாப் பழியையும் கொவிட்டில் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இலவசமாகக் கிடைப்பதில் குறை பிடிக்கிறாய் என்று சிலர் வருவார்கள், தெரியும். இலவசம் ஒன்றுமில்லை, வந்த நாளிலிருந்து வரியும் நாஷனல் இன்ஷூரன்சும் கட்டுகிறோம். அதோடு, அந்த இரவில் இவரைக் காப்பாற்றியதும் அதே என்.எச்.எஸ். என்கிற அரசாங்க வைத்திய சேவைதான். இரண்டையும் ஒரே வாயால் சொல்லலாம்.

பித்தப்பை மட்டுமில்லை. என்னோடு வேலை செய்கிற ஓர் அக்கா இடுப்பு மூட்டு மாற்றக் காத்திருந்தார். நடக்காமல் இருந்து தொடைத் தசை வற்றி, ஐபுபுரூபன் நோக் குளிசை போட்டுப் போட்டு வயிற்றில் புண்ணும் வந்தது. கற்றராக்ட் (கண்புரை) எடுக்கக் காத்திருக்கிற வயதானவர்கள் படி தெரியாமல் விழுகிறார்கள். குடலிறக்கம் திடீரென்று நெரிபட்டால் அன்றைக்கே வெட்ட வேண்டி வரும். இதய வால்வு நன்றாகச் சுருங்கி, நடந்தால் மூச்சு வாங்குகிறது, மயக்கம் வருகிறது என்றால் அது இன்னும் மோசம், அவர்கள் ஒரு மாதத்தைக்கூடச் சும்மா விடக் கூடாது.

இடையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, பிடிக்காவிட்டால் அடுத்த பந்திக்குப் போங்கள். ஆஸ்பத்திரி கார் பார்க். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் ஆஸ்பத்திரியில் கார் விடுவது இலவசம். இங்கிலாந்தில் என்றால் மனுசன் ட்ரொலியில் கிடக்கும்போது மணிக்கணக்கில் மெசினுக்குக் காசு போட வேண்டும். கட்டில் எப்போது கிடைக்கும் என்று அவர்களுக்கே தெரியாது, ஆனால் என் கார் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று மட்டும் நிமிடக் கணக்கில் தெரியும். வீட்டுக்கு வந்த அபராதக் கடிதத்தில் வாசலுக்குள் நுழைந்த நேரமும் படமும் அவ்வளவு துல்லியம். அந்தக் கமராவில் பாதி அக்கறையை ஒப்பரேசன் பட்டியலிலும் காட்டியிருக்கலாம்.

சரி, உங்கள் அம்மா. சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. சர்க்கரைக்காரருக்குப் பித்தப்பை அழன்றால் கிருமி கெதியாக முற்றும், நோவும் சிலருக்கு அவ்வளவு தெரியாது. "கொஞ்சம்தான் நோகுது" என்றால் அதை அப்படியே நம்பி விடாதீர்கள். இன்னொன்று, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c என்று போடுவார்கள்) 69-க்கு மேல் (பழைய கணக்கில் 8.5 வீதம்) இருந்தால், திட்டமிட்ட ஒப்பரேசனைப் பொதுவாகத் தள்ளி வைப்பார்கள். ஒரு வருடம் காத்திருந்து, கடைசிப் பரிசோதனையில் "சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்? ஆகவே காத்திருக்கிற காலத்திலேயே ஜீ.பி. சேர்ஜரியில் இரத்தம் எடுத்துப் பார்த்து இறக்கி வையுங்கள்.

ஒவ்வொரு முறை நோ வரும்போதும் திகதியோடு எழுதி வைத்து, ஜீ.பி.யிடம் காட்டி, ஒப்பரேசனை முந்தப் போடச் சொல்லிக் கடிதம் கேளுங்கள். எக்ஸ்பிடைட் லெட்டர் என்றால் அவர்களுக்கு விளங்கும். கடிதம் போனதா என்று செக்ரட்டரியிடம் கேளுங்கள். யாராவது கடைசி நேரத்தில் வராமல் விட்டால் அம்மாவைக் கூப்பிடலாம் என்றும் சொல்லி வையுங்கள். 18 வாரம் தாண்டியிருந்தால் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கேட்கும் உரிமை இங்கிலாந்தில் இருக்கிறது. என்.எச்.எஸ். காசிலேயே செய்து தருகிற தனியார் ஆஸ்பத்திரியும் அதில் அடக்கம். எங்களுக்கு இதை ஒருவரும் தாங்களாகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற போன் கோல் பல நேரம் நம்பர் இல்லாமல்தான் வரும். களவு கோல் என்று அம்மா எடுக்காமல் விட்டு விடுவார். "இன்னும் சிகிச்சை தேவையா" என்று ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வரும், பதில் போகாவிட்டால் பெயரையே எடுத்து விடவும் கூடும். உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் காசில்லாமல் ஒழுங்குபண்ணித் தர வேண்டும். பெற்ற பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கப் பண்ணினால் அம்மா பாதியை மறைத்து விடுவார், அனுபவம்.

குலைப்பனோடு காய்ச்சல், கண் மஞ்சள், தேத்தண்ணி நிறத்தில் சிறுநீர், மணிக்கணக்கில் விடாத நோ, நிற்காத சத்தி: இதில் ஒன்று வந்தாலும் லிஸ்டில் இருக்கிறோம் என்று வீட்டில் இருக்காதீர்கள், அப்படியே ஏ அண்ட் ஈ. போன இடத்தில் தருகிற தாளைப் பத்திரப்படுத்தி, அடுத்த நாளே செக்ரட்டரிக்குச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து சொந்தக்காரர் "இங்கே வாங்கோ, சனல் பண்ணி மூன்றாம் நாள் எடுத்து விடலாம்" என்று சொல்வார்கள் (சனல் என்றால் காசு கட்டித் தனியாரில் டொக்டரைப் பார்ப்பது). எங்களுக்கும் சொன்னார்கள். காசுள்ளவருக்கு அது உண்மைதான். காசில்லாதவர்கள் அங்கே பெரியாஸ்பத்திரியில் நிற்கிற வரிசையைப் பற்றி அவர்கள் கதைப்பதில்லை. பிளேனில் நடு வழியில் நோ வந்தால் என்ன செய்வது என்றும் யோசிப்பதில்லை. அம்மாவைக் கொண்டுபோவதென்றால் முதலில் இங்கே சேர்ஜனிடம் கேட்டு விட்டுப் போங்கள்.

அம்மாவுக்குக் காய்ச்சலோடு நோ வந்ததுண்டா, கடைசியாக எடுத்த சர்க்கரைச் சராசரி எவ்வளவு, எந்த மாதம் பெயர் பதிந்தார்கள் என்று கீழே எழுதுங்கள். செக்ரட்டரிக்கு நான் அனுப்பிய ஈமெயிலின் பிரதி இன்னும் இருக்கிறது. பெயர், திகதிகளை அழித்து விட்டு அனுப்புகிறேன், பார்த்து உங்கள் கதையை எழுதுங்கள்.