பூனையை வெளியே விடலாமா, வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கலாமா?

ஏழு மாதக் குட்டி, இரவெல்லாம் கதவடியில் உட்கார்ந்து கத்துகிறது, அடைத்து வைக்க மனசு வரவில்லை, திறந்துவிடவும் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு பூனையை வெளியே விட்டு வளர்த்தேன், இன்னொன்றை அடைத்து வளர்த்தேன். இரண்டிலும் சூடு பட்டவன் என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வரும்.

முதலில் ஒரு சந்தேகம். கருத்தடை பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் அது கத்துவது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, துணை தேடித்தான் இருக்கும். பெட்டை நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். சேர்ந்தால் ஒன்பது வாரத்தில் குட்டி. கடுவன் என்றால் வாசனை பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரமும் போவான். அந்த ஆபரேஷனை முடித்துவிட்டுச் சில வாரம் பொறுத்துப் பாருங்கள். கத்தல் அடங்கிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

சரி, என் கதை. முதல் பூனை முத்து, கடுவன். ராத்திரி ஜன்னல் வழியாகப் போனால் விடியற்காலையில் வந்து என் கால்மாட்டில் சுருண்டுகொள்வான். 'பூனையை அடைத்து வைக்கிறவர்கள் பொம்மை வாங்கி வைத்துக்கொள்ளலாமே' என்று அப்போது நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கருத்தடை கூட, இயற்கைக்கு விரோதம் என்று ஏதோ பேசித் தள்ளிப்போட்டேன்.

ஒருநாள் வேறு பூனை கடித்து முத்துவின் கன்னம் வீங்கியிருந்தது. பூனைப் பல் ஊசி மாதிரி. குத்திய இடம் மேலே சீக்கிரம் மூடிவிடும், உள்ளே சீழ் கட்டும். கட்டியைக் கீறிவிட்ட மருத்துவர் ரத்தமும் எடுத்துப் பார்த்தார். பூனைகளுக்கு வரும் எய்ட்ஸ் மாதிரியான வைரஸ் இருந்தது. மனிதருக்கு ஒட்டாது. பூனைக்குப் பூனை பரவுவது பெரும்பாலும் ஆழமான கடியால்தான், அதனால் சண்டைக்குப் போகும் கடுவன்களுக்குத்தான் அதிகம் வருகிறது. இதோடு பல வருடம் நன்றாக வாழ்கிற பூனைகள் உண்டு, இனி வெளியே விடாதீர்கள் என்றார். நான் என்ன செய்தேன்? இரண்டு வாரம் மூடி வைத்தேன். அவன் கத்தினான். மூன்றாவது வாரம் ஜன்னலைத் திறந்தேன்.

அப்புறம் ஒரு விடியற்காலை அவன் வரவில்லை. பதினோரு நாள் தேடினேன். வண்டியில் அடிபட்டானா, யார் வீட்டிலாவது இருக்கிறானா, இன்று வரை தெரியாது. யாருடைய பூனை என்று கண்டுபிடிக்கத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் அவனுக்குப் போட்டிருக்கவில்லை. கழுத்துப்பட்டையை அதற்கு முந்தின மாதமே எங்கேயோ கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

அடுத்து சுண்டு. குட்டியிலிருந்தே கதவைத் தாண்டவிடவில்லை. முத்துவிடம் செய்த தப்பை இவனிடம் செய்ய மாட்டேன் என்று ஒரே வைராக்கியம். கதவை மூடியதோடு என் கடமை முடிந்தது என்றும் நினைத்துவிட்டேன். கிண்ணம் நிறைய உலர் தீனி எப்போதும் இருக்கும். மலஜலம் கழிக்க ஒரே ஒரு மண் தட்டு, அதுவும் தடதடக்கிற வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். மூன்று வயதில் ஏழு கிலோவைத் தொட்டுவிட்டான். பார்க்கிறவர்கள் எல்லாம் 'கொழுகொழு' என்று கொஞ்சுவார்கள், எனக்கும் பெருமை.

ஒருநாள் காலை அவன் மண் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். மலச்சிக்கல் போல என்று விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது கட்டிலுக்கடியில் கிடந்தான், வாந்தி எடுத்திருந்தான், அடிவயிற்றைத் தொடவிடவில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டிருந்தது. கடுவனுக்கு மூத்திரக்குழாய் மிகவும் குறுகல். முழுசாக அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பிடித்துவிடும். ஓரிரு நாளிலேயே உயிர் போகலாம். குழாய் செருகி, மூன்று நாள் ஆஸ்பத்திரி. மருத்துவர் திட்டவில்லை. எத்தனை தட்டு வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விளையாடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். மூன்றாவது கேள்விக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகுதான் வீட்டை மாற்றினேன். தட்டு இரண்டு, அமைதியான மூலைகளில். (பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வேண்டும் என்பது கணக்கு.) ஈரத் தீனி. உயரத்தில் ஏறி உட்கார இரண்டு பலகை. கயிற்றில் இறகு கட்டி அந்தி நேரத்தில் ஒரு பத்து நிமிடம், படுக்கும் முன் ஒரு பத்து நிமிடம் ஓட்டம். கழுத்தில் வார் மாட்டி நடைக்கும் கூட்டிப்போகப் பார்த்தேன், பழைய துணி மாதிரி தரையோடு படுத்துக்கொண்டான். அதை விட்டுவிட்டேன்.

பால்கனிக்கு வலை அடித்தது தனிக்கதை. அளவெடுத்துப் போனவர் முன்பணம் வாங்கியதோடு சரி, போனை எடுப்பதில்லை. மூன்றாவது வாரம் வந்து, ஒரு ஓரத்தில் என் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுக் கட்டிவிட்டு, 'பூனைக்கு இது போதும் சார்' என்றார். பூனைக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்று நான் சொன்னதற்கு, எத்தனையோ வீட்டுக்குக் கட்டியிருக்கிறேன் என்று எனக்கே பாடம் எடுத்தார். எந்த வேலையாள் வந்தாலும் இதே கதைதான், நாம் சொல்வது யார் காதிலும் ஏறுவதில்லை. கடைசியில் நானே கம்பி வாங்கி இறுக்கினேன். பூனை எப்போதும் காலில்தான் விழும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாடியிலிருந்து விழுந்து தாடை உடைந்த பூனையை அந்த ஆஸ்பத்திரியிலேயே பார்த்தேன்.

'அடைத்து வைப்பது கொடுமை' என்று யாராவது கிளம்பி வருவார்கள் என்று தெரியும். வெளியே விடுகிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, நானே விட்டவன்தான். பிரிட்டனில் பூனையை வெளியே விடுவது சர்வசாதாரணம், அமெரிக்காவில் உள்ளே வைக்கச் சொல்லும் மருத்துவர்களே அதிகம். ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற சிறு நகரில் 2022-ல் கொண்டை வானம்பாடிகளைக் காப்பாற்ற, ஆகஸ்ட் முடியும்வரை பூனைகளை வெளியே விடக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு முத்து வாசலில் கொண்டுவந்து போட்ட குருவிகள் ஞாபகம் வந்தன.

என்னைக் கேட்டால், வெளியையே பார்க்காத குட்டி என்றால் உள்ளேயே வையுங்கள், ஆனால் தினம் இருபது நிமிடமாவது அதற்கென்று ஒதுக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெளியே சுற்றிப் பழகியது என்றால் ஒரேயடியாக மூடாதீர்கள். அந்தி சாய்வதற்கு முன் சாப்பாட்டைக் காட்டிக் கூப்பிட்டு, ராத்திரியில் மட்டும் உள்ளே வைப்பதில் தொடங்குங்கள். வெளியே விடத்தான் போகிறேன் என்றால் கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப் மூன்றும் முடிந்த பிறகு விடுங்கள்.

உங்களுடையது கடுவனா பெட்டையா என்று எழுதவில்லை. கடுவன் என்றால், மண் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து ஒன்றும் வராமல் எழுந்து வந்தால், மலச்சிக்கல் என்று நினைத்து வேலைக்குப் போய்விடாதீர்கள்.