பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் வீட்டுப் பக்கத்து அரசு கொலேஜ் (நடுநிலைப்பள்ளி) நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: புதுச்சேரியிலிருந்து வந்து சேன்-அந்த்ரேயில் குடியேறியிருக்கிறோம். மகள் ஆகஸ்டில் சிக்ஸியெம் (கொலேஜின் முதல் வகுப்பு) சேரவேண்டும். எங்கள் முகவரிக்கு ஒதுக்கியிருக்கும் அரசு கொலேஜில் பிரெவே (கொலேஜ் முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) தேர்ச்சி குறைவு என்கிறார்கள். 'ரெப்' பள்ளி (கஷ்டப்படும் பகுதிகளுக்கான சிறப்புப் பள்ளி) என்று வேறு பயமுறுத்துகிறார்கள். அந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்று சேர்ப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா? பேசாமல் தனியாரில் போட்டுவிடலாமா?

பதில்:

முடியும். ஆனால் பிரெவே தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள். நான் இந்தத் தீவின் கிழக்குப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளை அரசு கொலேஜில் படிக்கவைத்தவள். பெற்றோர் பிரதிநிதியாகப் பள்ளி நிர்வாகக் குழுவிலும் வகுப்புக் குழுக் கூட்டங்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: நன்றாகப் படிக்கிற பிள்ளையை வைத்து ஒரு பள்ளியை எடைபோட முடியாது, அந்தப் பிள்ளை எங்கே போட்டாலும் தேறிவிடும். வாசிக்கத் திணறுகிற பிள்ளையை அந்தப் பள்ளி என்ன செய்கிறது, ஆசிரியர் வராத நாளில் என்ன செய்கிறது, இந்த இரண்டைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எண்களை ஒதுக்கச் சொல்லவில்லை, சரியான எண்ணைப் பாருங்கள் என்கிறேன். பிரெவே மதிப்பெண்ணில் ஒரு பெரிய பங்கு பள்ளியே போடுவது. 2025 வரை மொத்தம் 800 புள்ளிகளில் 400 அப்படி வந்தது. 2026 தேர்விலிருந்து பள்ளி மதிப்பெண் 40 சதவீதம், இறுதித் தேர்வு 60 சதவீதம். ஆக, தாராளமாக மதிப்பெண் போடும் பள்ளியில் தேர்ச்சி விகிதம் தானாகவே ஏறிவிடும். அதனால் எழுத்துத் தேர்வின் சராசரியைத் தேடுங்கள். பிரெஞ்சு, கணக்கு, வரலாறு-புவியியல், அறிவியல் தாள்களில் பிள்ளைகள் 20-க்கு எவ்வளவு வாங்கினார்கள் என்பது அது. தேர்ச்சி விகிதம் உயரத்தில் இருந்து எழுத்துச் சராசரி 8, 9 என்று கிடந்தால், அந்தத் தேர்ச்சியை நம்பி ஏமாறவேண்டாம்.

இந்த எண்கள் கல்வி அமைச்சகத்தின் தளத்தில் ஒவ்வொரு கொலேஜுக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. 'இவாக்' என்று சொல்வார்கள். அதில் மூன்று விஷயங்கள் உங்களுக்கு உதவும். முதலாவது, நான் சொன்ன எழுத்துச் சராசரி. இரண்டாவது, பள்ளி தன் பங்குக்குச் சேர்த்தது எவ்வளவு என்ற கணக்கு. பிள்ளைகளின் குடும்ப நிலை, வயது இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு, இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று பார்ப்பார்கள். உண்மையில் வந்தது அதைவிடக் கூடவா குறைவா என்று ஒரு கூட்டல் அல்லது கழித்தல் எண் இருக்கும். ஏழைப் பிள்ளைகள் நிறைய இருந்தும் கூட்டலில் நிற்கும் கொலேஜ், வசதியான பகுதியில் இருந்துகொண்டு கழித்தலில் நிற்கும் கொலேஜைவிட என் கண்ணுக்கு மேல். மூன்றாவது, சிக்ஸியெமில் சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் அதே பள்ளியில் த்ருவாசியெம் (கொலேஜின் கடைசி வகுப்பு) வரை வருகிறார்கள் என்பது. இதை யாரும் கவனிப்பதில்லை. பலவீனமான பிள்ளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிட்டால் தேர்ச்சி விகிதம் அழகாகத்தான் இருக்கும்.

இன்னொரு எண்ணும் உங்கள் காதுக்கு வரும், இ.பே.எஸ். அது பெற்றோரின் தொழிலை வைத்துப் போடும் சமூக நிலைக் குறியீடு. பாரிஸ் நிர்வாக நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2022-இல்தான் பொதுவில் வெளியிட்டார்கள். பிரான்ஸ் முழுவதற்குமான சராசரி 100-ஐ ஒட்டி வரும். நம் தீவில் பெரும்பாலான கொலேஜ்கள் அதற்குக் கீழே. எந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது, பள்ளி எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்பதை அல்ல. அதைத் தரப்பட்டியல் மாதிரி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம்.

'ரெப்' பற்றிய பயமும் இதே வகைதான். இந்தத் தீவில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் ரெப் அல்லது ரெப்-பிளஸ் (இன்னும் அதிகமாகக் கஷ்டப்படும் பகுதிகளுக்கானது) பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். குடும்பங்களின் நிலைமை கஷ்டம் என்பதால் அரசு கூடுதலாகக் கொடுக்கும் பள்ளிகள் அவை. ரெப்-பிளஸில் ஆசிரியர் நடத்தும் ஒவ்வொரு மணி நேரமும் 1.1 மணியாகக் கணக்கிடப்படும். மிச்சமாகும் நேரம் கூடிப் பேசித் திட்டமிடவும் பெற்றோரைப் பார்க்கவும். அந்த நேரத்தை உண்மையிலேயே அதற்குப் பயன்படுத்தும் பள்ளியில் உங்கள் மகளுக்கு லாபம்தான்.

சரி, நேரில் போகும்போது என்ன கேட்பது? பெரும்பாலான கொலேஜ்கள் புதிதாக வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு திறந்த நாள் வைக்கும். இல்லாவிட்டாலும் செயலகத்தில் கேட்டால் தலைமையாசிரியரான பிரான்சிபாலையோ துணைப் பிரான்சிபாலையோ பார்க்க நேரம் தருவார்கள்.

நான் முதலில் கேட்கச் சொல்வது வாசிப்புப் பரிசோதனை பற்றி. சிக்ஸியெம் தொடங்கியதும் பிரெஞ்சிலும் கணக்கிலும் தேசிய மதிப்பீடு நடக்கும். அதோடு ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 120 சொற்கள் வாசிக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நீங்கள் கேட்கவேண்டியது, "அந்த அளவை எட்டாத பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் என்ன செய்கிறீர்கள்?" என்று. நல்ல பள்ளியில் பதில் உடனே வரும். வாரத்தில் எத்தனை மணி, எந்த ஆசிரியர், எத்தனை பேர் கொண்ட குழு, திரும்ப எப்போது அளந்து பார்க்கிறார்கள் என்று சொல்வார்கள். 2024-இல் பிரெஞ்சுக்கும் கணக்குக்கும் பிள்ளைகளின் தேவையைப் பொறுத்துக் குழு பிரிக்கும் முறை வந்தது. அதைத் தங்கள் பள்ளியில் எப்படி நடத்துகிறார்கள் என்றும் சொல்வார்கள். "எங்கள் ஆசிரியர்கள் எல்லாப் பிள்ளைகளையும் கவனிக்கிறார்கள்" என்று பொதுவாகப் பேசினால் அங்கே எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆசிரியர் வராத நேரம். 15 நாள் வரையிலான விடுப்புக்குப் பள்ளியே மாற்று ஏற்பாடு செய்யவேண்டும். அதற்கு மேல் போனால் ரெக்தோரா (தீவின் கல்வித் துறை அலுவலகம்) ஆள் அனுப்பவேண்டும். என் மகன் சேங்கியெம் (கொலேஜின் இரண்டாம் ஆண்டு) படிக்கும்போது அவனுடைய கணக்கு ஆசிரியர் நீண்ட விடுப்பில் போனார், பதிலுக்கு யாரும் வரவில்லை. பிள்ளைகள் பாடம் இல்லாத நேரத்தில் உட்காரவைக்கும் பெர்மனான்ஸ் அறையில் கிடந்தார்கள். பிப்ரவரி மாதப் புழுக்கம், மின்விசிறி ஒரு பக்கம் ஓடுகிறது, மேசையில் கவிழ்ந்து பாதிப் பேர் தூங்குகிறார்கள், கண்காணிக்கும் இளைஞர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எட்டிப் பார்த்தது இதைத்தான். பக்கத்து ஊர்ப் பள்ளியில் அதே நிலைமை வந்தபோது, மற்ற இரண்டு கணக்கு ஆசிரியர்களும் சேர்ந்து வாரத்துக்கு ஒரு பயிற்சித்தாள் தயாரித்தார்கள். பெர்மனான்ஸில் வைத்தே செய்யச் சொல்லித் திருத்தியும் கொடுத்தார்கள். ஆள் பற்றாக்குறை இரண்டு பள்ளிக்கும் ஒன்றுதான். அதனால் "ஆசிரியர்கள் ஒழுங்காக வருகிறார்களா?" என்று கேட்காமல், "வராத மணி நேரங்களில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், என்ன செய்வார்கள்?" என்று கேளுங்கள். அதே பள்ளியில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் ப்ரொனோத் என்ற பள்ளிச் செயலியை அவர்கள் வீட்டில் காட்டச் சொல்லுங்கள். ரத்தான பாடங்கள் அதில் வரிசையாகத் தெரியும்.

முடிந்தால் ஒரு பிள்ளையின் பிரெஞ்சு நோட்டையும் புரட்டிப் பாருங்கள். திருத்திய கட்டுரையில் வெறும் மதிப்பெண்ணும் 'கவனம் தேவை' என்ற ஒரு வரியும் மட்டுமா, அல்லது எந்த வாக்கியம் ஏன் தவறு என்று எழுதி, பிள்ளை அதைத் திரும்ப எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் அந்த ஆசிரியரைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

வகுப்புக் குழுக் கூட்டத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பள்ளிகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தை நான் அங்கேதான் பார்த்தேன். ஆசிரியர்கள், பிரான்சிபால், ஒழுங்கையும் வருகையையும் பார்க்கும் செ.பெ.எ., இரண்டு மாணவர், இரண்டு பெற்றோர் என்று எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகப் பேசுவார்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். ஒரு கத்ரியெம் (மூன்றாம் ஆண்டு) பையனின் பெயர் திரையில் வந்தது, மதிப்பெண் எல்லாப் பாடத்திலும் இறங்கியிருந்தது. வழக்கமாக 'இன்னும் முயற்சி செய்யலாம்' என்று எழுதி அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு செ.பெ.எ. குறுக்கிட்டு, அவன் மேட்டுப் பகுதியிலிருந்து வருகிறான், பேருந்து நேரம் மாறியதிலிருந்து காலை முதல் பாடத்துக்கு வாரத்தில் மூன்று நாள் தாமதம் என்றார். முதல் பாடம் அவனுக்குப் பெரும்பாலும் பிரெஞ்சும் கணக்கும்தான். பிரான்சிபால் அங்கேயே பேருந்து நிர்வாகத்துக்கு எழுதக் குறித்துக்கொண்டார், பிரெஞ்சு ஆசிரியை மதிய இடைவேளையில் ஒரு மணி நேரம் தருகிறேன் என்றார். செ.பெ.எ.-வுக்குப் பிள்ளைகளின் பெயரும் வீடும் தெரிந்திருக்கும் பள்ளி நல்ல பள்ளி. எனவே பிரான்சிபாலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், அவரையும் பாருங்கள்.

வகுப்புகளை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். இசை வகுப்பு, இருமொழி வகுப்பு, விளையாட்டுப் பிரிவு என்றெல்லாம் இருக்கும். அவை நல்லவைதான். ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் மொத்தமும் அந்த ஒரே வகுப்பில் சேர்ந்து, மிச்ச வகுப்புகளில் மிச்சப் பிள்ளைகள் என்றால், அது ஒரே வாசலுக்குள் இரண்டு பள்ளி. இசைப் பிள்ளைகளை இரண்டு மூன்று வகுப்புகளில் கலந்து வைக்கும் பிரான்சிபால்களும் இருக்கிறார்கள். அதற்கு நேரஅட்டவணை போடுவது கடினம், அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே ஒரு நல்ல அடையாளம்.

கழிப்பறை. இதைக் கேட்க வெட்கப்படவே வேண்டாம். கதவுக்குத் தாழ்ப்பாள், சோப்பு, காகிதம் இருக்கிறதா, இடைவேளையில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே போகப் பிடிக்காமல் காலை ஏழரையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். இங்கே அடிக்கும் வெயிலில் அது உடம்புக்கும் படிப்புக்கும் கெடுதல்.

உங்கள் மகளின் பிரெஞ்சு எந்த அளவு என்று நீங்கள் சொல்லவில்லை. தமிழ் வழியிலோ ஆங்கில வழியிலோ படித்தவள் என்றால், வெளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் தனிப் பிரிவு சில கொலேஜ்களில் மட்டும்தான் உண்டு. ரெக்தோராவில் அதற்கென ஒரு சேவை இருக்கிறது, அவளுடைய நிலையைச் சோதித்து வழிகாட்டுவார்கள். பள்ளி ஒதுக்குவதற்கு முன்பே அவர்களைத் தொடர்புகொள்ளுங்கள். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரேயோல் பற்றி நம் ஊர்க்காரர்கள் சிலர் பயப்படுவார்கள், 'பிரெஞ்சு கெட்டுவிடும்' என்று. பயப்படாதீர்கள். விளையாட்டு மைதானத்தில் சில மாதத்தில் பேசப் பழகிவிடுவாள், அதோடு தோழிகளும் கிடைத்துவிடுவார்கள். கிரேயோலில் பதில் சொல்லும் பிள்ளையை அதட்டாமல், அதையே பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று காட்டும் ஆசிரியர் இருந்தால் அந்தப் பள்ளிக்கு என் கணக்கில் கூடுதல் மதிப்பு. வீட்டில் தமிழை மட்டும் விட்டுவிடாதீர்கள். கொலேஜை நம்பி அது நடக்காது. சேன்-அந்த்ரேயில் சங்கங்கள் நடத்தும் வகுப்புகளை விசாரியுங்கள்.

விரத நாட்களில் உணவு பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். 2018-இல் வந்த சட்டப்படி வாரத்தில் ஒரு நாளாவது சைவ உணவு போடவேண்டும், மற்ற நாட்களில் அது பள்ளியைப் பொறுத்தது. இங்கே தமிழ்க் குடும்பங்கள் கரேம் (விரதம்) இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

தனியார் பற்றி. அரசோடு ஒப்பந்தம் உள்ள தனியார் பள்ளியிலும் அதே பாடத்திட்டம், ஆசிரியருக்குச் சம்பளம் அரசுதான் தருகிறது. முக்கிய வேறுபாடு, பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த நல்ல ரிசல்ட்டில் எவ்வளவு பங்கு தேர்வினால் வந்தது, எவ்வளவு பங்கு கற்பித்தலால் வந்தது என்று இவாக் எண்ணில் அவர்களுக்கும் பாருங்கள். வீட்டிலிருந்து தூரம் என்றால் காலையில் அவள் எத்தனை மணிக்கு எழவேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒதுக்கிய கொலேஜுக்கு முதலில் ஒரு முறை போய்வருவேன். வாசிப்புக்கும் ஆசிரியர் இல்லாத நேரத்துக்கும் தெளிவான பதில் கிடைத்தால் அங்கேயே சேர்ப்பேன்.

பதில் திருப்தியாக இல்லை என்றால் வேறு அரசு கொலேஜுக்கு விதிவிலக்கு கேட்கலாம். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்து மிச்சம் இருந்தால்தான் கிடைக்கும். மாற்றுத்திறன், அந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் தொடர் மருத்துவச் சிகிச்சை, கல்வி உதவித்தொகை பெறுவது, அக்கா அண்ணன் அங்கே படிப்பது, வீடு எல்லையில் இருந்து அந்தப் பள்ளி பக்கமாக இருப்பது, அங்கே மட்டும் இருக்கும் ஒரு பாடப்பிரிவு, இவைதான் அவர்கள் பார்க்கும் காரணங்கள். 'அந்தப் பள்ளி நல்ல பள்ளி' என்று எழுதினால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். சி.எம்.2 (தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பு) பிள்ளைகளுக்குப் படிவம் தொடக்கப்பள்ளி வழியாக வரும். மகள் இங்கே தொடக்கப்பள்ளியில் இல்லை என்றால் நேராக ரெக்தோராவில் கேளுங்கள். வாடகை ஒப்பந்தமும் உங்கள் பெயரில் வந்த மின்சார பில்லும் கையில் இருக்கட்டும், முகவரிச் சான்றில்தான் பலருக்கு இழுத்தடிக்கிறது.