மலை மேடையில் விடிய விடியப் பாட்டு: இசை நாடகக் கேள்வி பதில்

கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலை ஊர்களிலிருந்து இசை நாடக நடிப்பும் பாட்டும் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

மன்னவனூர்: அண்ணே, ராஜபார்ட் (கதாநாயகன் வேடம்) போடுகிறேன். சமவெளியில் ஐந்து கட்டையில் (கட்டை என்பது சுருதி உயரத்தின் அளவு) விடிய விடியப் பாட முடிகிறது. எங்க ஊர் மேடையில் மட்டும் ஒரு மணிக்கே தொண்டை கட்டிவிடுகிறது. குளிர்தான் காரணமா?

குளிர் பாதிக் காரணம்தான், தம்பி. மூக்கு வழியாகப் போகும் காற்று சூடாகி, ஈரம் ஏறி உள்ளே போகும். பாடும்போதும் வசனம் பேசும்போதும் வாயால்தான் இழுக்கிறோம். அந்தக் குளிர்காற்று குரல்நாணை உலர்த்துகிறது. முதலில் மேல் ஸ்தாயி பிசிறடிக்கும், அதை மறைக்கக் கழுத்தை இறுக்கிக் கத்துவோம். தொண்டை கட்டுவது அந்தக் கத்தலால்தான்.

மலையில் அரைக்கட்டை இறக்கி நாலரையில் பாடுங்கள். ஆர்மோனியக்காரரிடம் நாடகம் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நடுவில் இறக்கினால் மிருதங்கம் ஒட்டாது. மேடையேறும் முன் வாயை மூடி 'ம்' என்று கீழ் ஸ்தாயியில் பத்து நிமிடம், பிறகு சரளி வரிசை ஒன்று, இரண்டு காலம் மட்டும். ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் வெதுவெதுப்பான தண்ணீர் நாலு வாய். கொதிக்கக் கொதிக்கச் சுக்குக் காபி குடித்தால் தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் எரிச்சல் தெரியாமல் இன்னும் கத்த வைக்கும்.

பண்ணைக்காடு: நாடகப் பாடகர் கிட்டப்பா போல ஐந்தரைக் கட்டையில் பாடினால்தான் பெயர் கிடைக்கும் என்று வாத்தியார் சொல்கிறார். சரிதானா ஐயா?

வாத்தியாரை மதிக்கலாம், கட்டையை மட்டும் உங்கள் தொண்டையிடம் கேளுங்கள். செங்கோட்டையில் 1906-இல் பிறந்த கிட்டப்பா, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடியவர். உச்ச சுருதி அன்று தேவையாகவும் இருந்தது. 1933-இல், 27 வயதிலேயே மறைந்துவிட்டார். இன்று உங்கள் முன்னால் மைக் நிற்கிறது.

நீண்ட காலம் பாட விரும்பினால் அவருடைய மனைவி கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளைப் பாருங்கள். கணவர் போன பிறகு 1935-இல் ஒரு லட்சம் ரூபாய்க்குத் திரையில் நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். 1953-இல் ஔவையார். 1965-இல், ஐம்பதைத் தாண்டிய பிறகும், அதே வேடத்தில் குரல் கணீரென்று நின்றது.

கட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வழி: தார ஸ்தாயி பஞ்சமத்தை (மேல் ஸ்தாயி 'ப')க் கழுத்து நரம்பு புடைக்காமல் நாலு விநாடி நிறுத்த முடியவேண்டும், மந்திர பஞ்சமமும் (கீழ் ஸ்தாயி 'ப') கேட்கவேண்டும். இரண்டும் நிற்கும் சுருதிதான் உங்களுடையது. மூன்றுக்கு அடுத்தது நேராக நாலுதான், மூன்றரை கிடையாது. நாலிலிருந்து அரைக்கட்டை இறக்க மூன்றரையைத் தேடித் தடுமாறுகிறவர்கள் உண்டு.

தாண்டிக்குடி: நாங்கள் விழாக் கமிட்டி. வள்ளி திருமணம் வைக்கிறோம். நடிகர்களுக்கு என்ன வசதி செய்துகொடுக்க வேண்டும்?

கேட்டதற்கு நன்றி, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. வத்தலக்குண்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு வரும் பாடகருக்கு, வயிற்றுப் புளிப்பு தொண்டையைச் சுட்டு அன்றைக்குக் குரலே போய்விடும். அதனால் மதியமே வரவழையுங்கள், வண்டியில் முன் இருக்கை கொடுங்கள். கொடைக்கானல் மட்டத்தில், சுமார் 7,000 அடியில், காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான். சமவெளியிலிருந்து வருகிறவர் நீளமான விருத்தத்தில் (தாளமில்லாமல் இழுத்துப் பாடும் பாட்டில்) மூச்சு வாங்குவார்.

வேடம் கட்டும் அறையில் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்தவே சாத்தாதீர்கள். புகை தொண்டையைக் கெடுப்பது இருக்கட்டும், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். அடுப்பு வெளியில் இருக்கட்டும், உள்ளே கம்பளியும் பிளாஸ்க்கில் வெந்நீரும் போதும். மேடையின் மூன்று பக்கமும் படுதா கட்டினால் பாதிக் குளிர் போய்விடும்.

பூம்பாறை: பனியில் மிருதங்கம் தொய்ந்துவிடுகிறது. நெருப்பில் காட்டலாமா?

கூடாது. தோலின் நடுவில் உள்ள கருப்புப் பூச்சான கரணை வெடித்துவிடும். பனி ஈரத்தில் தோல் இளகித்தான் சுருதி இறங்குகிறது. கல்லும் மரக்கட்டையும் வைத்து விளிம்பை மேலிருந்து கீழாகத் தட்டி ஏற்றுங்கள், பபூன் (கோமாளி) வரும்போது ஒருமுறை, நாரதர் வருவதற்கு முன் ஒருமுறை. இடந்தலையில் (இடது பக்கத் தோலில்) ஒட்டும் ரவையைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள், ஈரக்காற்றில் அது காயாது. ஆர்மோனியத்தின் மரக்கட்டைகளும் ஈரத்தில் ஊதிச் சிக்கும், அதையும் கம்பளியில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கூக்கால்: ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேடம்) கற்க ஆசை. எங்கே போய்ச் சேர்வது?

மதுரை அல்லது திண்டுக்கல் நடிகர் சங்கத்துப் பக்கம் போங்கள் அம்மா. ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லும் இந்த இசை நாடகத்தில் குழு கிடையாது, ஒத்திகையும் கிடையாது. வள்ளி ஓர் ஊரிலிருந்தும் நாரதர் வேறு ஊரிலிருந்தும் வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். ஆகவே இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பாடல்களும் வசனங்களும் தலைகீழாகத் தெரியவேண்டும். நாரதரோடு தர்க்கம் வரும் இடத்துக்கு எதிராளியின் வரிகளையும் மனப்பாடம் செய்யுங்கள். அவர் இழுத்தால் இழுக்கவும், வெட்டினால் நிறுத்தவும் தெரியாதவரை, நடிகர்களை ஏற்பாடு செய்யும் ஏஜெண்ட் இரண்டாம் முறை கூப்பிடமாட்டார். பங்குனி முதல் ஆடி வரை தேதிகள் நெருக்கும், மற்ற மாதங்களில் வருமானம் மெலியும். முன்பணம் வாங்கும்போதே பயணப்படி தனியா, சம்பளத்தில் சேர்ந்ததா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.