கேஷ் நம் காசுதானா?

கேள்வி: 'நியூஸ்' என்பது நான்கு திசைகளின் முதலெழுத்து, 'எயிட்' நம் எட்டு, 'கேஷ்' நம் காசு, 'கேடமரான்' நம் கட்டுமரம், இதையெல்லாம் ஆங்கில அகராதிக்காரர்கள் திட்டமிட்டு மறைக்கிறார்கள் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நீங்கள் ஏன் எழுதுவதில்லை? பயமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: பயமெல்லாம் இல்லை. நீங்கள் அனுப்பிய நான்கில் ஒன்று முழுசாகத் தேறுகிறது, ஒன்று பாதி தேறுகிறது. அந்தப் பாதிதான் சுவையானது. மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

'நியூஸ்' கதையை எனக்கும் ஒரு வாத்தியார் சொல்லித்தான் அனுப்பினார். பல வருஷம் நம்பினேன். அப்புறம் ஒருநாள் தோன்றியது: ஆங்கிலேயர்கள் திசைகளைச் சொல்லும்போது நார்த், சவுத், ஈஸ்ட், வெஸ்ட் என்றல்லவா அடுக்குவார்கள்? 'நியூ' என்றால் புதிது, அதன் பன்மை 'நியூஸ்', அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்கள் செய்திக்குச் சொல்லும் 'நூவெல்' என்பதும் புதியவை என்ற பொருள்தான். நாமும் "அப்புறம், என்ன புதுசா?" என்றுதானே கேட்கிறோம்.

'எயிட்' எழுத்துக்கூட்டின் நடுவே ஒரு 'ஜி.எச்.' சும்மா உட்கார்ந்திருக்கிறது, கவனித்தீர்களா? ஒரு காலத்தில் அது தொண்டையிலிருந்து ஒலித்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'ஆஹ்ட்'. லத்தீனில் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நம் எட்டு வேறு வீடு. எண்பது, எண்ணூறு, எண்திசை என்று சொல்லிப் பாருங்கள், அடிச்சொல் 'எண்' என்பது தெரியும். ஜாடை ஒத்துப்போகிறது என்பதற்காகப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரை மாமா என்று கூப்பிட முடியுமா?

அப்படியானால் எதைத்தான் நம்புவது? தேதி போட்ட காகிதத்தை. 'ஓ.கே.'வை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'ஓல் கொரெக்ட்' என்று தப்பாக எழுதி, அதன் முதலெழுத்துகளைப் போட்ட கேலி அது. வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் 1839 மார்ச் 23ஆம் தேதி பாஸ்டன் மார்னிங் போஸ்ட் நாளிதழில் அது அச்சில் இருக்கிறது. அந்த ஊர்ப் பத்திரிகைகளுக்கு அப்போது இந்தக் குறும்புச் சுருக்கங்கள் ஒரு பைத்தியம். மற்றவை செத்துப்போயின. மறுவருஷம் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மார்ட்டின் வான் பியூரனுக்கு, சொந்த ஊரை வைத்து 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று பட்டப்பெயர். அதன் சுருக்கமும் ஓ.கே.! ஆதரவாளர்கள் ஊரெல்லாம் அதைக் கத்தினார்கள். அவர் தோற்றார், சொல் பிழைத்தது.

இனி காசு. வங்கியில் நீங்கள் எடுக்கும் 'கேஷ்' பெட்டியிலிருந்து வந்தது. பிரெஞ்சில் 'கேஸ்', இத்தாலியனில் 'காஸ்ஸா'; இரண்டுக்கும் பெட்டி என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது பெட்டியையும் குறித்தது, உள்ளே இருந்த பணத்தையும் குறித்தது. பிற்பாடு பெட்டி போய்விட்டது, பணம் நின்றது. "படம் நல்லா கல்லா கட்டிடுச்சு" என்கிறோமே, அதே கதை. 'கேஷியர்' அந்தப் பெட்டிக்காரர்தான்.

ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு 'கேஷ்' உண்டு. அது ஒரு சில்லறை நாணயம், அசல் நம் காசு, போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போனது. மதராசில் கிழக்கிந்தியக் கம்பெனி கணக்குப்படி 80 காசு ஒரு பணம் (அப்போது அதுவும் ஒரு நாணயம்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். பணத்தை 'ஃபனம்' என்றும் வராகனை 'பகோடா' என்றும் எழுதினார்கள் (தின்கிற பக்கோடா அல்ல). இங்கிலாந்தில் அடித்த 1808ஆம் வருஷச் செப்புக் காசின் ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ஆங்கிலத்தில் '20 கேஷ்', ரோமன் எண்ணில். டன் கணக்கில் இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு மதராசுக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில்தான் காசுகளை மேலே எடுத்தார்கள். இன்னும் வேடிக்கை, நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் ஆங்கிலேயர்கள் 'கேஷ்' என்றே அழைத்தார்கள். சீனர்கள் வைத்த பெயர் வேறு. ஆக நாணயம் சேர்ப்பவர்களின் ஆங்கிலப் புத்தகங்களில், சீனக் காசு தமிழ்ப் பெயரோடுதான் இருக்கிறது.

கட்டுமரத்தில் உங்களோடு சண்டையில்லை. வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697இலேயே, சோழமண்டலக் கரையில் இப்படித்தான் அழைக்கிறார்கள் என்று பெயரோடு எழுதிவிட்டார். இன்று அந்தப் பெயரில் ஓடும் இரட்டை உடல் படகில் கட்டுவதற்கு மரம்தான் இல்லை.

மறைக்கிறார்கள் என்கிறீர்களே, யார்? ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இரண்டு 'கேஷ்'களையும் தனித்தனியாகப் போட்டு, இரண்டாவதற்குத் தமிழ் என்றே குறித்திருக்கிறது. அதற்கும் முன்னால், இந்தியாவில் ஆங்கிலேயர்கள் புழங்கிய சொற்களைத் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' சொற்களஞ்சியத்திலேயே காசு இருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல், உங்கள் தஞ்சாவூரிலேயே நீதிபதியாக இருந்தவர். புத்தகம் இணையத்தில் இலவசம். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவில் போடுங்கள். யாராவது பெரிதாக்கிப் படித்தால் எனக்கு எழுதுங்கள்.