இதய மாற்றுக்குப் பின் மூக்கடைப்பும் குரல் கம்மலும்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. எட்டு மாதங்களுக்கு முன் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசோலோன் சாப்பிடுகிறார். பத்து நாளாக மூக்கடைப்பு, வலது கன்னத்தில் வலி. காய்ச்சல் இல்லை. அறுவை சிகிச்சையிலிருந்தே குரலும் கம்மியிருக்கிறது. பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம் அம்மா. இதய மாற்று செய்த மருத்துவக் குழுவுக்கு இன்றே போன் செய்யுங்கள்.

காய்ச்சல் இல்லாததை நம்பி இருந்துவிடக் கூடாது. அவர் சாப்பிடும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகள் காய்ச்சலையும் வீக்கத்தையும் வெளியே தெரியாமல் மறைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் வலிப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. சாதாரண சைனஸ் தொற்றாகவும் இருக்கலாம். ஆனால் 2021 கோவிட் அலையில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட கருப்புப் பூஞ்சை, உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களையும் தாக்கும். சர்க்கரை இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். டாக்ரோலிமஸும், பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் முன்பு சர்க்கரை இல்லாதவருக்கும் அதைக் கொண்டுவரக்கூடும். எனவே மூக்குக்குள் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்க வேண்டும். கன்னம் மரத்துப்போவது, கண் வீங்குவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, மேல் அண்ணத்தில் கருப்புத் திட்டு: இதில் ஒன்று தெரிந்தாலும், நடுராத்திரியானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பூஞ்சை சில மணி நேரத்திலேயே பரவக்கூடியது.

மருந்துக் கடை மாத்திரை ஏன் கூடாது? கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆன்டிபயாடிக்குகள், ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து போன்றவை டாக்ரோலிமஸ் ரத்தத்திலிருந்து வெளியேறுவதைத் தடுக்கும். அளவு ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்படும், கை நடுங்கும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறு: அளவை இறக்கிவிடும், உடல் புது இதயத்தை நிராகரிக்கத் தொடங்கலாம். இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வலி மாத்திரைகளும் சிறுநீரகத்துக்கு ஆகாது. மூக்கடைப்பு மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சரி என்றால் கொதித்து ஆறிய நீர்தான், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

இனி குரல். இடது குரல் நாணுக்குப் போகும் நரம்பு மார்புக்குள் இறங்கி, மகாதமனி வளைவைச் சுற்றித்தான் மேலே ஏறுகிறது. அறுவை சிகிச்சையில் அது இழுபட்டிருக்கலாம்; மூச்சுவிட வாய் வழியே செருகிய செயற்கைக் குழாயும் தொண்டையை உறுத்தியிருக்கலாம். எட்டு மாதமாகியும் தெளியவில்லை என்றால் குரல்வளையைப் பார்த்தே ஆகவேண்டும். பேச்சை விட, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா என்று கவனியுங்கள். நாண் சரியாக மூடாவிட்டால் நீரும் உணவும் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். பேச்சுப் பயிற்சியும், நாணில் போடும் ஊசியும் பலருக்குப் பலன் தருகின்றன.

தொற்று என்று பயந்து டாக்ரோலிமஸை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் மாத்திரைப் பட்டியலையும் ரத்தத்தில் கடைசியாகப் பார்த்த டாக்ரோலிமஸ் அளவின் ரிப்போர்ட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.